செஞ்சிடார் வேர்க்கூடை ஒன்று: சோதிக்கும் முன் தொடவிட்ட ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபிரேசர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள நடுத்தர அளவிலான ஓர் அருங்காட்சியகத்தில் நான் பொருள் பாதுகாப்பாளராகப் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. கூடைக்கு உரிய முதற்குடிச் சமூகத்தினர், நடந்ததை எழுதலாம், ஆனால் தங்களையோ தங்கள் ஊரையோ அடையாளம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். ஆகவே அருங்காட்சியகம் உட்பட எவருடைய பெயரும் இங்கே இல்லை. தவறு நேர்ந்த இடத்தில் முடிவெடுத்தவன் நான் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வைப்பறையில், அக்கரையோரத்தின் முதற்குடியினரான கடலோர சாலிஷ் மக்களுடைய கூடைகள் ஏறத்தாழ 60 இருந்தன. பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நன்கொடையாக வந்தவை. அக்காலத்தில் வான்கூவர் பகுதியில் முதற்குடிப் பெண்கள் தாம் முடைந்த கூடைகளை வீடு வீடாகக் கொண்டுசென்று, பழைய கோட்டு, கம்பளி உடை, காலணி போன்றவற்றுக்கு மாற்றிக்கொண்டனர். மீன்பிடி உரிமை சுருங்கி, நிலம் ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்குள் அடங்கிப்போய், பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பாட்லாட்ச் என்னும் கொடை விழாவே 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. இந்தக் கூடையின் பதிவட்டையில் தட்டச்சில் இருந்தவை மூன்று வரிகளே: ‘இந்தியக் கூடை, பழையது. ஃபிரேசர் ஆறு. குளிர்கால கோட்டுக்கு மாற்றாகப் பெறப்பட்டது.’ கோட்டைக் கொடுத்தவரின் பெயர் அடுத்த அட்டையில் முகவரியோடு இருந்தது. கூடையைச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

கூடை

தமிழில் சிடார் என்றதும் தேவதாரு என்று எழுதிவிடுவது வழக்கம். தேவதாரு இமயமலைச் சரிவுகளில் வளரும் மரம். பசிபிக் கரையோரத்தின் செஞ்சிடாரோ சைப்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம். அக்கரையோர மக்கள் அதன் அடிமரத்தைக் குடைந்து படகு செய்தனர். பலகையாகப் பிளந்து வீடு கட்டினர். உட்பட்டையை உரித்துக் கயிறும் பாயும் உடையும் ஆக்கினர். வேரைத் தோண்டி எடுத்துக் கூடை செய்தனர். வேர் எடுப்பவர்கள் ஒரே மரத்தில் அளவுக்கு மிஞ்சி எடுப்பதில்லை.

இக்கூடை 31 செ.மீ. உயரமும், செவ்வகமான, அடி குறுகி வாய் விரிந்த வடிவும் கொண்டது. நம் பனையோலைக் கடகத்தைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டதன்று. சுருளின்மேல் சுருளாக வைத்துத் தைக்கப்பட்டது. வேரை நீளவாக்கில் பிளக்கும்போது கிடைக்கும் சொரசொரப்பான பகுதிகளைக் கற்றையாகச் சேர்த்து உள்ளே வைத்து, வழவழப்பான பகுதியைத் தையல் நாராக்கி, எலும்பூசியால் கீழ்ச்சுருளில் துளையிட்டு இழுத்து இறுக்குவார்கள். நன்கு தைத்த கூடையில் தண்ணீர் நிற்கும். நெருப்பில் சுட்ட கற்களை அதில் இட்டு உணவை வேகவைக்கவும் செய்தனர். வெளிப்புறத்தில் ஒவ்வொரு தையலின் கீழும் ஒரு பட்டையை மடித்துச் செருகி அடுத்த தையலால் பிடித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. கூரையில் ஓடு அடுக்கினாற்போல் முகப்பு முழுவதும் சிறு சதுரங்களாகத் தெரியும். இதில் காட்டுச்செர்ரி மரப்பட்டையின் செம்பழுப்பும், கறுப்பாக்கிய பட்டையும், வெளிறிய புல்லும் சேர்ந்து ஏணிப்படி போன்ற கோலமாக நான்கு பக்கமும் ஏறியிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் அக்கோலம் தேய்ந்து, அடியிலுள்ள வேர்த்தையல் வெளியே தெரிந்தது. உட்புறத்தின் கீழ்ப்பாதி கருஞ்சிவப்பாகக் கறை பிடித்திருந்தது. அடியை ஒட்டிய ஒரு மூலையில் சுமார் 4 செ.மீ. அளவுக்குத் தையல் வேறு மாதிரி இருந்தது. எங்கள் நிலை அறிக்கைகளில் அது ‘பிற்காலச் சேதம்’ என்றே தொடர்ந்து எழுதப்பட்டுவந்தது.

முதலில் கண்டதும் நான் எண்ணியதும்

வைப்பறையைப் புதிய கட்டடத்துக்கு மாற்றும் பணியின்போது கூடையின் உள்மூலைகளிலும் அடிப்பகுதியிலும் மெல்லிய வெண்படிவைக் கண்டேன். பூச்சி அரித்த தூளாக இருக்குமோ என்று முதலில் ஐயுற்றுப் பூச்சி ஒட்டிக்கொள்ளும் பொறியட்டை வைத்துப் பார்த்ததில் உயிருள்ள பூச்சி எதுவும் இல்லை. ஆகவே பூச்சியைக் கொல்லும் உறைகுளிர் சிகிச்சைக்கு அனுப்பவில்லை. அந்த முடிவு சரியானதே. அடுத்து நான் எண்ணியது பூஞ்சணம். காய்ந்து அடங்கிய பழைய பூஞ்சணம் என்று குறித்துவைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் சேர்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சேகரிப்புகளில் பூச்சியைத் தடுக்க ஆர்செனிக்கும் பாதரச உப்பும் தூவினர் என்பதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளித்தனர் என்பதும், எந்தப் பொருளுக்கு எப்போது எதைப் போட்டோம் என்று அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை என்பதும் இத்துறையினர் அனைவரும் அறிந்தவை. அமெரிக்காவில், முதற்குடியினரின் பொருள்களைத் திருப்பித்தருவது பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஹோப்பி என்னும் முதற்குடி மக்களுக்குத் திரும்பிய சடங்குப் பொருள்களில் ஆர்செனிக் இருப்பது பின்னரே கண்டறியப்பட்டது. அது எங்கள் பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லப்படும் செய்தி. டி.டி.டி. பொருளின் மேற்பரப்பில் வெண்படிகமாக மலர்ந்து வரும் என்பதையும் நான் படித்திருந்தேன். படித்திருந்தும், கண்ணெதிரே இருந்த வெண்மையைப் பூஞ்சணம் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதல் சந்திப்பு

அதே காலத்தில், தங்கள் முன்னோர் செய்த கூடைகளைப் பார்க்க வேண்டும் என்று அச்சமூகத்தினர் கடிதம் எழுதியிருந்தனர். வைப்பறை மாற்றத்தைக் காரணம் காட்டி ஒருமுறை நாளைத் தள்ளிவைத்திருந்தோம். ஆர்செனிக், பாதரசம் போன்றவற்றைக் கண்டறியும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி எங்களிடம் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு இருமுறை இரவலாக வரும். அடுத்த முறை அது வருவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே அவர்களின் வருகை குறிக்கப்பட்டிருந்தது. மீண்டும் தள்ளிவைத்தால், வழக்கம்போல் அருங்காட்சியகம் இழுத்தடிக்கிறது என்று அவர்கள் எண்ணக்கூடும் என அஞ்சினேன். காப்பாட்சியர் என் கருத்தைக் கேட்டார். வரட்டும், சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று சொன்னவன் நான்.

நால்வர் வந்தனர்: கூடை முடைவதில் வல்லவரான ஒரு மூதாட்டி, அவரிடம் கற்ற இரு நடுவயதுப் பெண்கள், 16 வயதுப் பேத்தி. கையுறை மேசைமேல் இருந்தது. அணிவது அவரவர் விருப்பம் என்று சொல்லியிருந்தோம். தாய்வழி வந்த பொருளைக் கையுறையோடு தொடச் சொல்வது அவமதிப்பாகும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். எவரும் அணியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அக்கூடையைப் பற்றி நான் அறிந்துகொண்டது, அதற்கு முந்தைய எல்லா நிலை அறிக்கைகளும் சேர்ந்து சொன்னதைவிட அதிகம். மூதாட்டி கூடையைத் திருப்பி, கோலம் தேய்ந்த பக்கத்தை உள்ளங்கையால் தடவி, “இது முதுகுப் பக்கம்,” என்றார். வாய்விளிம்பின்கீழ் இரண்டு இடங்களில் தையல் நசுங்கிப் பளபளத்திருந்ததைக் காட்டி, தோல்வார் கட்டிய இடம் அது என்றும், அந்த வாரை நெற்றியிலோ மார்பிலோ மாட்டிக் கூடையை முதுகில் சுமந்து மலைக்குப் பழம் பறிக்கப் போயிருக்கிறார்கள் என்றும் விளக்கினார். உட்புறத்துக் கருஞ்சிவப்பு, பருவந்தோறும் பழச்சாறு ஊறி ஏறிய நிறம். அதை ‘அழுக்கு’ என்று பதிவுசெய்து, ஈரத்துணியால் துடைப்பதற்கான சிகிச்சைத் திட்டத்தை நான் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன்.

பிறகு ‘பிற்காலச் சேதம்’ என்ற மூலைக்கு வந்தார். அந்த 4 செ.மீ.யில் தையல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம் மாறி, சில இடத்தில் நார் முறுக்கிக்கொண்டு, ஓரிடத்தில் துளை தவறி மறுபடி போடப்பட்டிருந்தது. அவர் நெடுநேரம் பார்த்தார். வேர் அதே வகை வேர், நாரின் அகலமும் அதேதான், ஆனால் கை வேறு, பழகாத கை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, கிழிந்த மூலையைச் சிறுபெண்ணிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லியிருப்பார் என்பது அவர் கருத்து. பேத்தியைக் கூப்பிட்டு அவளுடைய விரலை அந்தத் துளையின்மேல் வைக்கச் சொன்னார். இறுதியில் குனிந்து, கூடைக்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்.

அதன்பின் நால்வரும் கூட்ட அறைக்கு வந்து, நாங்கள் ஏற்பாடு செய்திருந்த தேநீரும் ரொட்டியும் உண்டனர். கை கழுவும் இடத்தைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

சோதனையும் அறிவித்தலும்

ஏழாம் நாள் அந்த வெண்படிவில் சிறிதெடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பூஞ்சண இழைகள் இல்லை. ஊசி ஊசியாகப் படிகங்கள் இருந்தன. உடனே பல்கலைக்கழகத்தை வேண்டிக் கருவியை முன்கூட்டியே வரவழைத்தோம். ஒன்பதாம் நாள் காலையில் அடிப்பகுதியிலும் உள்மூலைகளிலும் ஆர்செனிக் தெளிவாகக் காட்டியது, பாதரசம் இல்லை. படிகங்களை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியதில், அவை டி.டி.டி. என்று சில வாரம் கழித்து உறுதியானது.

ஆர்செனிக் உறுதியான அன்று பிற்பகலே மூதாட்டியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எழுத்துமூலம் முறையாக அறிவிக்கலாம், சட்ட ஆலோசகர் பார்க்கட்டும் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னார். காப்பாட்சியரும் நானும் அதற்கு இணங்கவில்லை. நடந்ததையும், என்ன கண்டோம் என்பதையும், சோதிக்கும் முன்பே அழைத்தது என் முடிவு என்பதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அன்றைக்குத் தேநீர் குடித்தது கூடையைத் தொட்டபிறகுதானே?” என்று கேட்டார். அடுத்துப் பேத்தியைப் பற்றிக் கேட்டார். அந்த இரண்டு கேள்விகளையும் நான் முன்பே எனக்குள் கேட்டிருக்க வேண்டும்.

நால்வரையும் அருங்காட்சியகச் செலவில் மருத்துவரிடம் அனுப்பினோம். அங்கே தெரியவந்தது எங்களுக்குப் பேரிடியாக இருந்தது. உடலுக்குள் சென்ற கனிம ஆர்செனிக்கின் பெரும்பகுதி சில நாள்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். ஒன்பது நாள் கழித்துச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையால் எதையும் சொல்ல முடியாது. மேலும், மீனும் சிப்பியும் உண்பவர்களுக்கு அவ்வுணவிலுள்ள, தீங்கற்ற வகை ஆர்செனிக்கே மொத்த அளவைக் கூட்டிக்காட்டும் என்பதால், சால்மன் மீனை நம்பி வாழும் அச்சமூகத்தினரிடம் வகை பிரித்துச் செய்யும் பரிசோதனையே பொருந்தும். ஒரே ஒருமுறை தொட்டதால் பெருங்கேடு நேர வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். நால்வருக்கும் உடல்நலக் குறைவு எதுவும் தோன்றவில்லை. ஆயினும், உள்ளே எவ்வளவு சென்றது என்று அவர்களுக்குச் சொல்லக்கூடிய வாய்ப்பு எங்கள் காலதாமதத்தால் போயிற்று.

எடுத்த முடிவுகள்

எக்ஸ் கதிர்க் கருவி ஒரு பொருளில் ஆர்செனிக் இருக்கிறது என்று காட்டுமே தவிர, தொடும் கையில் எவ்வளவு ஒட்டும் என்று காட்டாது. ஆகவே குறிப்பிட்ட பரப்பளவில் துணிச்சதுரங்களைத் தேய்த்து, ஒட்டியதை அளக்கச் செய்தோம். அடிப்பகுதியிலும் உள்மூலைகளிலும் நன்றாகவே ஒட்டியது. வெளிப்புறக் கோலத்தின் மேற்பாதியில் மிகக் குறைவு. இந்த அளவீட்டின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, அடுத்து என்ன செய்வது என்று சமூகத்தினரோடு மூன்று முறை அமர்ந்து பேசினோம். இரண்டு முறை நாங்கள் அவர்களுடைய ஊருக்குச் சென்றோம்.

ஈரமாகத் துடைக்கும் திட்டத்தைக் கைவிட்டோம். ஈரம் பட்டால் வேர் உப்பும், காய்ந்த செர்ரிப் பட்டை பிளந்து கழலும், ஆர்செனிக் இன்னும் ஆழமாக இறங்கும் என்பன என் காரணங்கள். பழக்கறை போய்விடும் என்பது அவர்களுடைய காரணம். என் காரணங்கள் பொருளைக் காப்பவை. அவர்களுடைய காரணம் அந்தப் பொருள் எதற்காக இருந்தது என்பதைக் காப்பது. அதுவே அறிக்கையில் முதலில் எழுதப்பட்டது. காற்றை இழுத்து வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்து, மென்தூரிகையால் தளர்ந்த தூளை மட்டும் தள்ளி, நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் எடுத்தேன். மீண்டும் தேய்த்து அளந்தபோது ஒட்டும் அளவு குறைந்திருந்தது, நீங்கவில்லை. நீங்கும் என்று நாங்கள் சொல்லியிருக்கவும் இல்லை.

வாய்விளிம்பில் இருந்த பிளவுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் இட்டுப் பிடிப்பது எங்கள் வழக்கமான முறை. கூடையில் கூடைக்கு உரியதல்லாத எதையும் ஒட்ட வேண்டாம் என்று அவர்கள் கேட்டதால், உள்ளே நுரைத்தாங்கு ஒன்றை வெட்டிப் பருத்தித்துணி சுற்றி வைத்து, பிளவின்மேல் எடை விழாதபடி செய்தோம். பிளவு பிளவாகவே இருக்கிறது, பெரிதாகவில்லை. அந்த 4 செ.மீ. மூலையின் பதிவில் ‘பிற்காலச் சேதம்’ என்பதை நீக்கி, ‘பயன்பாட்டுக் காலத்தில், கற்றுக்கொண்டிருந்த ஒருவர் செய்த பழுதுபார்ப்பு, சமூகத்தின் கூடை முடைபவர் கண்டு கூறியது’ என்று எழுதினோம். செய்தவர் என்ற இடத்தில் இருந்த ‘தெரியவில்லை’ என்பதை ‘பெயர் கேட்டு எழுதப்படவில்லை’ என்று மாற்றச் சொன்னவர் காப்பாட்சியர். இரண்டும் ஒன்றல்ல என்பதில் எனக்கும் உடன்பாடே.

பின் நடந்தவை

அவர்கள் தொடக்கத்தில் கூடையைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. கூடை வகுப்பில் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்படி அவ்வப்போது கொண்டுவர முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. நஞ்சு அந்த வழியை அடைத்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் நெருக்கமாகப் படமெடுத்து, சுருள் எண்ணிக்கை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், கோலத்தில் எந்தச் சதுரம் எந்த நிறம் என்பன அனைத்தையும் கட்டமிட்ட தாளில் வரைந்து கொடுத்தோம். அந்த வரைவைப் பெண்களில் ஒருவர் திருத்தினார். மூலை திரும்பும் இடத்தில் நான் எண்ணிய தையல் கணக்கு மூன்று இடங்களில் தவறாக இருந்தது.

உரிமை பற்றிய பேச்சு பின்னர்தான் எழுந்தது. முறையாகப் பெற்ற நன்கொடை, ஆகவே திருப்பித்தரக் கடமை இல்லை என்று நிர்வாகக் குழுவில் ஒரு கருத்து இருந்தது. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கனடாவில் அருங்காட்சியகங்களும் முதற்குடி அமைப்புகளும் கூடிப் பேசி 1992இல் வெளியிட்ட பணிக்குழு அறிக்கை முதலே இக்கேள்வி சட்டத்தோடு நின்றுவிடவில்லை. உறைவிடப் பள்ளிகளில் நடந்தவற்றை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த செயலழைப்புகளில் 67ஆவது, அருங்காட்சியகங்களின் நடைமுறை ஐ.நா.வின் தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு ஒத்திருக்கிறதா என்று ஆராயக் கோரியது. அப்பிரகடனத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா 2019இல் சட்டமாகவே ஏற்றது. காப்பாட்சியர் இவற்றோடு அந்தப் பதிவட்டையையும் குழுவின் முன் வைத்தார். பழம் சுமந்து தேய்ந்த, சிறுபெண் ஒருத்தி தைக்கக் கற்ற கூடையை, குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும் என்பதற்காக ஒரு பெண் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பதைத்தான் அந்த மூன்று வரிகள் சொல்கின்றன. முதல் சந்திப்பு நடந்து 14 மாதம் கழித்து, கூடையின் உரிமை சமூகத்துக்கு மாற்றப்பட்டது. சோதனை முடிவுகள், தேய்த்து அளந்த வரைபடம், தொடும்போது செய்ய வேண்டியவை ஆகியவை கூடையோடு சேர்ந்து செல்லும் ஆவணமாக எழுதப்பட்டன. இப்போது அது அவர்களுடைய பண்பாட்டு மையத்தில் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், முதுகுப் பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்குமாறு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை முன்னே வைக்கச் சொன்னவர் மூதாட்டி.

மறுபடி செய்வதானால்

சோதிக்கப்படாத எந்தப் பொருளையும் வருபவர் முன் வைக்க மாட்டேன். அவர்களுடைய வருகையைத் தள்ளிவைக்காமலே அதைச் செய்திருக்க முடியும்: கருவியை முன்கூட்டியே கேட்டிருக்கலாம்; பல்கலைக்கழகம் பின்னர் ஒரே தொலைபேசி அழைப்பில் இணங்கியது. அதுவும் இயலாதென்றால், இதை இன்னும் சோதிக்கவில்லை, நஞ்சு இருக்கக்கூடும், இன்று பார்க்க விரும்புகிறீர்களா, காத்திருக்க விரும்புகிறீர்களா என்று அவர்களிடமே கேட்டிருக்க வேண்டும். நான் அவர்கள் மனம் நோகக்கூடாது என்று எண்ணி, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை நானே எடுத்தேன். கையுறை அவமதிப்பாகத் தோன்றும் என்று கருதியதும் அப்படியே. ஏன் அணிய வேண்டும் என்று சொல்லியிருந்தால், அணிவதா வேண்டாமா என்பது உண்மையிலேயே அவர்களுடைய விருப்பமாக இருந்திருக்கும். இப்போது அருங்காட்சியகத்தில் வைப்பறைக் கதவை அடுத்துக் கைகழுவும் தொட்டி இருக்கிறது. உணவு ஏற்பாடு வேறு தளத்தில். எஞ்சிய கூடைகள் அனைத்தும் சோதிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் பெட்டிமீதும் முடிவு ஒட்டப்பட்டுள்ளது. எதிர்பாராத தொடுகை நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது நடைமுறை விதியாயிற்று. பரிசோதனைக்குப் பயன் இருக்கும் காலம் அவ்வளவு குறுகியது என்பதே காரணம்.

சிகிச்சைத் திட்டம் எழுதும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ‘கறை’, ‘தேய்மானம்’, ‘சேதம்’ என்ற சொற்களை, அவ்வகைப் பொருளைச் செய்து பழகிய ஒருவர் பார்க்கும்வரை எழுதுவதில்லை. கண்ணில் தெரிவதை நிறமாகவும் அளவாகவும் மட்டும் குறிக்கிறேன். பார்க்க வருபவருக்கு அருங்காட்சியகம் நிபுணர்களுக்குத் தரும் அதே ஊதியம் தரப்படுகிறது. முதல் சந்திப்பில் மூதாட்டிக்கு நாங்கள் தந்தது பயணச் செலவு மட்டுமே. அந்த நிலுவையைப் பின்னர் கொடுத்துத் தீர்த்தோம்.

வரைவைப் பார்த்து முடையத் தொடங்கிய புதிய கூடை, நான் கடைசியாகச் சென்றபோது 11 சுற்று உயர்ந்திருந்தது. அடியை ஒட்டிய அந்த மூலையைப் பேத்தி தைத்திருந்தாள். ஓரிடத்தில் துளை தவறி மறுபடி போடப்பட்டிருந்தது. பிளந்து வைத்திருந்த வேர் தீர்ந்துவிட்டதால், அடுத்து வேர் எடுக்கும் பருவத்துக்காகக் கூடை ஈரத்துணி போர்த்தி எடுத்துவைக்கப்படாமல், காய்ந்தபடியே வகுப்பறை அலமாரியின்மேல் காத்திருக்கிறது. மறுபடி தொடங்கும் நாளில்தான் நனைப்பார்களாம்.